தூதரகத்திடம் சந்தை கேட்பது எப்படி

திருகோணமலைக்கு ஒரு வெளிநாட்டுத் தூதுவர் வந்தால் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய மனப்பாடம். ஆளுநர் செயலகத்தில் ஒரு சந்திப்பு, துறைமுகத்தில் ஒரு சுற்று, கோணேசர் கோயிலடியில் ஒரு படம், மாலையில் உள்ளூர் வர்த்தகர்களுடன் தேநீர். கருவாட்டுக்காரரும் முருங்கைத் தூள்காரரும் விடுதிக்காரரும் அந்தத் தேநீரில்தான் தங்கள் அட்டையை நீட்டுகிறார்கள். "உங்கட நாட்டுக்கு எங்கட சாமானை அனுப்ப உதவி செய்யுங்கோ" என்கிறார்கள். தூதுவர் சிரித்த முகத்தோடு அட்டையை வாங்கிப் பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் கொடுப்பார். அதோடு சரி.

கேட்டதில் பிழையில்லை, கேட்கப்பட்ட ஆள்தான் மாறிவிட்டார். கொழும்பில் உள்ள ஜேர்மன் தூதரகமோ ஜப்பான் தூதரகமோ முதலில் பார்ப்பது தன் நாட்டு நிறுவனங்களின் நலனை. தங்கள் இயந்திரம் இங்கே விலைபோகுமா, தங்கள் நிறுவனம் இங்கே முதலிட்டால் காணியும் மின்சாரமும் வரியும் எப்படி என்றுதான் அவர்கள் தலைநகருக்கு எழுதுகிறார்கள். திருகோணமலைப் பொருளை ஹம்பேர்க்கிலோ ஒசாகாவிலோ விற்க உதவ வேண்டியவர் பேர்லினிலும் டோக்கியோவிலும் உள்ள இலங்கைத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவில் இருக்கிறார். பொதுநலவாய நாடுகளில் அதே அலுவலகத்துக்கு உயர்ஸ்தானிகராலயம் என்று பெயர். தமிழ்நாட்டுக்கு என்றால் சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம்; எமிரேட்சுக்கு என்றால் அபுதாபியில் தூதரகம், துபாயில் துணைத் தூதரகம்.

இந்த வேலைக்குச் சட்ட அடிப்படையும் உண்டு. இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, பொருளாதார உறவை வளர்ப்பதைத் தூதரகத்தின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. கொன்சியூலர் உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த நாட்டின் வணிக நிலைமையைச் சட்டபூர்வமான வழிகளில் அறிந்து, தன் அரசுக்கு அறிக்கையிட்டு, அக்கறையுள்ளவர்களுக்கும் தகவல் கொடுக்க வேண்டும். அந்த "அக்கறையுள்ளவர்"களில் கிண்ணியாவில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் சிறு நிறுவனமும் அடக்கம். எல்லைக்கோடும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1961 உடன்படிக்கையின் 42ஆம் உறுப்புரைப்படி இராஜதந்திரி சொந்த இலாபத்துக்காக வணிகம் செய்யக்கூடாது. ஆகவே தூதரக அதிகாரி உங்கள் விற்பனை முகவர் அல்லர், கொமிஷன் எடுக்கமாட்டார். யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

வர்த்தகப் பிரிவு என்றதும் ஒரு மாடி நிறைய மேசைகளைக் கற்பனை செய்யவேண்டாம். பெரும்பாலான இடங்களில் கொழும்பிலிருந்து அனுப்பப்பட்ட ஓர் அதிகாரி, அந்த ஊரிலேயே வேலைக்கு எடுத்த ஓர் உதவியாளர், இவ்வளவுதான். தேயிலை, ஆடை, சுற்றுலா, முதலீடு, அமைச்சர் வருகை எல்லாம் அந்த இருவர் தலையில். வர்த்தக அதிகாரி இல்லாத தூதரகங்களில் வேறொரு இராஜதந்திரி இதையும் சேர்த்துப் பார்க்கிறார். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால்தான் எதை எப்படிக் கேட்கலாம் என்பது விளங்கும். இரண்டு பேர் உள்ள மேசைக்கு "உங்கள் நாட்டில் எங்கள் பொருளுக்கு வாய்ப்பு உண்டா?" என்று ஒரு வரி மின்னஞ்சல் போனால், திரும்பி வருவதும் ஒரு வரியாகத்தான் இருக்கும்.

மற்ற நாடுகள் இதை வேறு விதமாகச் செய்கின்றன. அமெரிக்கா 1980இல் வெளிநாட்டு வர்த்தகச் சேவையை வெளியுறவுத் திணைக்களத்திலிருந்து பிரித்து வர்த்தகத் திணைக்களத்திடம் கொடுத்தது. அதன் "கோல்ட் கீ" சேவை, அமெரிக்க நிறுவனத்துக்கு வெளிநாட்டில் பொருத்தமான பங்காளிகளைத் தேடிச் சந்திப்பு ஒழுங்கு செய்கிறது. நிறுவனத்தின் அளவைப் பொறுத்துக் கட்டணம். டென்மார்க்கின் வர்த்தகச் சபை தூதரகங்களுக்குள் இருந்தபடியே மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி வேலை செய்கிறது. ஜப்பானுக்கு 1958இல் உருவான ஜெட்ரோ, தென்கொரியாவுக்கு 1962இல் உருவான கொட்ரா என்று தனி வர்த்தக மேம்பாட்டு நிறுவனங்கள் உண்டு. இலங்கைத் தூதரகத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. இலவசம் என்பதால் வரிசையும் நீளம். எந்த விசாரணை முதலில் எடுக்கப்படும் என்பதை விசாரணையின் தரமே தீர்மானிக்கிறது.

எந்த அலுவலகம் திறந்திருக்கிறது என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இலங்கை 2021 டிசம்பர் 31உடன் அபுஜா உயர்ஸ்தானிகராலயத்தையும் பிராங்க்பேர்ட், நிக்கோசியா துணைத் தூதரகங்களையும் மூடியது. 2022 ஏப்ரல் 30உடன் ஒஸ்லோ, பாக்தாத் தூதரகங்களும் சிட்னி துணைத் தூதரகமும் தற்காலிகமாக மூடப்பட்டன. தூதரகம் இல்லாத நாட்டைப் பக்கத்து நாட்டுத் தூதரகம் ஒன்று சேர்த்துப் பார்க்கும். பழைய முகவரிக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்த பிறகு "தூதரகம் பதில் போடுதில்லை" என்று குறைப்படுவதில் பயனில்லை.

முதல் வேலை ஆறு இலக்கம்

தூதரகத்துக்கு எழுத முன் கையில் இருக்கவேண்டியது பொருளின் எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கங்கள் பொருள்களை வகைப்படுத்தும் இலக்கம். அதன் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே; அதற்குப் பிறகு வருபவை நாட்டுக்கு நாடு மாறும். இறக்குமதித் தீர்வை, உணவுச் சோதனை, யார் எவ்வளவு இறக்குகிறார்கள் என்ற புள்ளிவிபரம் எல்லாம் இந்த இலக்கத்தில்தான் தொங்குகின்றன.

முருங்கை இலைத் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் இதைச் செய்ய முயல்வோர் பலர், இலையும் வெயிலும் தாராளம். மூலிகைப் பொருளாக மொத்தமாக விற்றால் 1211.90. உலர்ந்த மரக்கறியாகக் கொண்டால் 0712.90. அதையே குளிசைக் கூட்டில் அடைத்து உணவு நிரப்பியாக விற்றால் 2106.90. பொருள் ஒன்று, கதவு மூன்று. 0712 என்று எழுதிக் கேட்டால் அதிகாரி உலர்ந்த வெங்காயம், காளான் இறக்குமதியாளர்களின் பட்டியலை எடுத்து அனுப்புவார். அவர்களுக்கு முருங்கை எதற்கு? நாற்பது பெயருக்கு மின்னஞ்சல் போட்டும் ஒரு பதிலும் வராது. பழி தூதரகத்தில் விழும்.

மீனில் இந்த வித்தியாசம் பணமாகவே தெரியும். கெலவல்லா என்று நாம் சொல்லும் மஞ்சள் துடுப்புச் சூரை, பச்சையாகக் குளிரூட்டி விமானத்தில் போனால் 0302.32, உறையவைத்த முழு மீன் 0303.42; உறையவைத்த சூரைத் துண்டம் 0304.87, தகரத்தில் அடைத்தது 1604.14. தகரச் சூரைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சாதாரணத் தீர்வை 24 வீதம். வளர்முக நாடுகளுக்கு ஒன்றியம் தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையில் அது பூச்சியம். 2010 ஓகஸ்டில் இழந்த இந்தச் சலுகையை 2017 மேயில் இலங்கை திரும்பப் பெற்றது. பிரித்தானியா இப்போது தனி: 2023 யூன் முதல் அதற்கென்று வேறொரு திட்டம் இருக்கிறது, ஆகவே லண்டனுக்கான விடையை ரொட்டர்டாமுக்குப் பொருத்தக்கூடாது.

அமெரிக்கா பற்றிக் கேட்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்கவேண்டும். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத மேலதிகத் தீர்வை என்று அறிவித்தார்கள், யூலையில் அது 30 ஆனது, ஓகஸ்டில் 20 ஆனது. நான்கு மாதத்தில் மூன்று இலக்கம். எந்தத் தூதரகக் கடிதமானாலும் அதிலுள்ள திகதியைப் பார்த்துத்தான் விலைமனுப் போடவேண்டும்.

கடிதம்

கடிதம் ஆங்கிலத்தில் போகவேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. அதிகாரி அதை அப்படியே கொள்வனவாளருக்கு அனுப்பக்கூடிய மாதிரி இருந்தால் பாதி வேலை முடிந்தது. உள்ளடக்கத்தைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

"பொருள்: முருங்கை இலைத் தூள், எச்.எஸ். 1211.90, நெதர்லாந்தில் மொத்தக் கொள்வனவாளர் பற்றிய விசாரணை. நாங்கள் மூதூரில் இலையை நிழலில் உலர்த்தி அரைத்துப் பொதிசெய்யும் பதிவுபெற்ற நிறுவனம். மாத உற்பத்தி 800 கிலோ, ஏற்றுமதிக்கு 500 கிலோ. 25 கிலோ கடதாசிப் பை, உள்ளே பொலித்தீன் உறை. ஈரப்பதன் 7 வீதத்துக்குள். சல்மொனெல்லா, ஈ.கோலி, ஈயம், கட்மியம், பூச்சிகொல்லி எச்சம் பற்றிய ஆய்வுகூட அறிக்கை இணைப்பில். சேதனச் சான்றிதழ் இன்னும் இல்லை. விலை எப்.ஓ.பி. கொழும்பு, 60 நாள் செல்லுபடி. குறைந்த கட்டளை 200 கிலோ."

அதன் கீழே மூன்று கேள்வி. தாவரத் தூளை மொத்தமாக வாங்கிச் சிறு கம்பனிகளுக்குப் பிரித்து விற்கும் ஐந்து இறக்குமதியாளர் யார்? துறைமுகத்தில் இந்தக் குறியீட்டுக்கு எந்தச் சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது? கடந்த இரண்டு ஆண்டில் இலங்கையிலிருந்து வந்த இதே வகைப் பொருளைப் பற்றி முறைப்பாடு ஏதும் உண்டா?

மூன்றாவது கேள்விதான் பெறுமதியானது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. இறக்குமதியாளர் பெயரை இணையத்திலும் பிடிக்கலாம். ஜெனீவாவில் உள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் டிரேட் மப் தளம் எந்த நாடு எதை எவ்வளவு வாங்குகிறது என்பதை ஆறு இலக்க அளவில் காட்டும். நெதர்லாந்து அரசின் இறக்குமதி ஊக்குவிப்பு மையமான சி.பி.ஐ., வளர்முக நாட்டு ஏற்றுமதியாளருக்காகவே ஐரோப்பியச் சந்தை ஆய்வுகளை எழுதி இலவசமாக வெளியிடுகிறது. ஆனால் போன வருடம் யாரோ ஒரு இலங்கையர் ஈரமான தூளை அனுப்பி அந்த நாட்டுக் கொள்வனவாளரைக் கசக்கவைத்த கதை எந்தத் தளத்திலும் இராது. அது தூதரகத்தின் முறைப்பாட்டுக் கோப்பில் இருக்கும்.

கடிதத்தில் "சேதனச் சான்றிதழ் இல்லை" என்று எழுதச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள். எழுதத்தான் வேண்டும். இல்லாததை இருப்பதாகக் காட்டி ஒருமுறை பிடிபட்டால் அந்த மேசையில் உங்கள் பெயர் மட்டுமல்ல, அடுத்து எழுதும் திருகோணமலைக்காரரின் பெயரும் கெடும்.

எப்.ஓ.பி. கொழும்பு, அதாவது கொழும்பில் கப்பலில் ஏற்றும் வரையான செலவு அடங்கிய விலை, என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வாசலில் வைத்துக்கொண்டு "எப்.ஓ.பி. திருகோணமலை" என்று எழுத ஆசை வருவது இயல்புதான். நம் துறைமுகத்தில் நடப்பது பெரும்பாலும் மொத்தச் சரக்கு: கோதுமை, சீமெந்து மூலப்பொருள், புல்மோட்டை இல்மனைற் போன்றவை. வழக்கமான கொள்கலன் கப்பல் சேவை கொழும்பில். ரொட்டர்டாம் கொள்வனவாளர் தன் கப்பல் முகவரிடம் "திருகோணமலையிலிருந்து ஒரு பலெட் என்ன விலை?" என்று கேட்டால், அவர் கையை விரிப்பார், விசாரணையும் அங்கேயே செத்துப்போகும். கொழும்புக்கான ஏறத்தாழ 260 கிலோமீற்றர் லொறிக் கூலியை உங்கள் விலைக்குள் போட்டுத்தான் எழுதவேண்டும். பச்சை மீன் என்றால் கட்டுநாயக்க விமான நிலையம் வரையான பனிக்கட்டிச் செலவும் சேரும்.

அனுப்பி இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்துக்கோ ஏற்றுமதி அபிவிருத்திச் சபைக்கோ பிரதி போட்டு எழுதுவது. 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான அந்தச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிந்திருப்பது இந்த இடத்தில் கைகொடுக்கும். பதிவில்லாத நிறுவனத்தைப் பற்றி வெளிநாட்டிலிருந்து அதிகாரி விசாரித்தால் கொழும்பில் அவருக்குச் சொல்ல யாரிடமும் ஒன்றும் இருக்காது.

லண்டன் மாமாவும் தூதரகமும்

திருகோணமலையில் ஏற்றுமதி பற்றிப் பேச்செடுத்தால் தூதரகத்தின் பெயர் வருமுன் லண்டனில் உள்ள மாமாவோ டொரொண்டோவில் உள்ள மச்சானோ வந்துவிடுவார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருவாடு, மாசி, மிளகாய்த் தூள் ஆகியவை புலம்பெயர்ந்த தமிழர் கடைகளுக்குப் போனது உறவுகள் வழியாகத்தான். மாமாவுக்குக் கடை தெரியும், எந்தப் பொதி அலுமாரியில் கிடந்து தூசி பிடிக்கிறது என்றும் தெரியும். சட்டம்தான் தெரியாது. கருவாடு மீன் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வணிகமாகப் போகவேண்டுமானால் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நிறுவனப் பட்டியலில் உள்ள ஆலையிலிருந்து, சுகாதாரச் சான்றிதழோடு போகவேண்டும். மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்று காட்டும் பிடிச் சான்றிதழைக் கடற்றொழில் நீர்வாழ் வளங்கள் திணைக்களம் கொடுக்கும். முற்றத்தில் காயவைத்ததைப் பயணப்பெட்டியில் கொடுத்துவிடுவது வேறு, இரண்டு தொன் இன்வொய்ஸ் போட்டு அனுப்புவது வேறு. மாமாவிடம் ருசியையும் விலையையும் கேளுங்கள், தூதரகத்திடம் விதியைக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றோடொன்று முரண்பட்டால் விதியின் பக்கம் நில்லுங்கள்.

கொள்வனவாளர் உண்மையா?

தூதரகத்தின் உதவிகளில் அதிகம் பயன்படாமல் கிடப்பது கொள்வனவாளரைச் சரிபார்ப்பது. கண்காட்சியில் கண்டதாகச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வருகிறது. பத்துக் கொள்கலன் கட்டளை, விலையில் பேரம் இல்லை, மாதிரி கூடக் கேட்கவில்லை. "எங்கள் நாட்டில் வெளிநாட்டு விநியோகஸ்தராகப் பதிய 1,850 டொலர் கட்டணம்" என்று அடுத்த கடிதம். பேரம் பேசாத மொத்த வியாபாரி உலகத்தில் இல்லை. சந்தேகம் அங்கேயே வரவேண்டும்.

கொள்வனவாளரின் பெயர், பதிவு இலக்கம், முகவரி, இணையத்தளம், அவர் அனுப்பிய கட்டளையின் பிரதி ஆகியவற்றை அந்த நாட்டு இலங்கைத் தூதரகத்துக்கு அனுப்பி, "இந்த நிறுவனம் பதிவில் உள்ளதா, இந்த முகவரியில் இயங்குகிறதா?" என்று கேட்கலாம். கம்பனிப் பதிவேட்டைப் பார்ப்பதும் ஒரு தொலைபேசி எடுப்பதும் உள்ளூர் உதவியாளருக்கு அரை மணி வேலை. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளவேண்டும்: நிறுவனம் இருக்கிறது என்று தூதரகம் சொன்னால் இருக்கிறது என்பதுதான் பொருள். காசு கட்டுவார்கள் என்பதற்கு அது உத்தரவாதமல்ல. கடன் தகைமைக்கு வங்கி அறிக்கை வேறாக எடுக்கவேண்டும். கடனில் அனுப்புவதானால் 1978இல் சட்டத்தால் அமைந்த இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது.

மோசடி முதல் கடிதத்தில்தான் வரும் என்றில்லை. மூன்று தடவை ஒழுங்காக வியாபாரம் செய்த கொள்வனவாளருக்கு உங்கள் பெயரிலேயே "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மின்னஞ்சல் போகும். யாரோ இடையில் புகுந்து எழுதியது. காசு போனபின் தூதரகம் அந்த நாட்டுப் பொலிஸில் எங்கே முறையிடுவது என்று சொல்லலாம், திருப்பிப் பெற்றுத் தரமுடியாது. கணக்கு இலக்கத்தை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி, மாற்றம் என்றால் தொலைபேசியில் உறுதிசெய்த பிறகே செல்லும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சந்திப்பும் கண்காட்சியும்

நேரில் போவதாக முடிவெடுத்தால் ஆறு தொடக்கம் எட்டு வாரம் முன்னரே தூதரகத்துக்குத் திகதி கொடுக்கவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு சந்திப்புக்கு மேல் வைக்கவேண்டாம். அரை மணி என்று போட்டது முக்கால் மணி ஆகும், அடுத்த இடம் நகரின் மறுகரையில் இருக்கும். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பயணத்துக்கு 15 நாள் இருக்கும்போது கதவு மூடிவிடும். விசா எடுத்துத் தருவது இலங்கைத் தூதரகத்தின் கையில் இல்லை. சந்திப்பு ஒழுங்காகியிருப்பதாக ஒரு கடிதம் தரலாம்.

உணவுத் துறைக்குப் பெரிய கண்காட்சிகளின் கணக்கு எளிது: கொலோனில் அனுகா ஒற்றை ஆண்டு ஒக்டோபரில், பரிசில் சியால் இரட்டை ஆண்டு ஒக்டோபரில், டோக்கியோப் பக்கம் பூடெக்ஸ் மார்ச்சில், துபாயில் கல்பூட் ஆண்டின் தொடக்கத்தில். இலங்கைக் கூடத்தை ஏற்றுமதி அபிவிருத்திச் சபை ஒழுங்கு செய்யும்போது அந்த நாட்டுத் தூதரகம் கொள்வனவாளர்களை அழைத்துவரும். அங்கே பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, போன ஆள் விலை சொல்ல அதிகாரம் இல்லாதவர். "ஊருக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன்" என்றால் பக்கத்துக் கூடத்து வியட்நாம்காரர் அங்கேயே சொல்லிவிடுவார். மற்றது, மாதிரிப் பொருள். "மாதிரி, வணிகப் பெறுமதி இல்லை" என்று எழுதிவிட்டுப் பெறுமதி நிரலை வெறுமையாக விட்டால் சுங்கம் நிறுத்திவைக்கும். எழுதினாலும் ஐந்து டொலர் என்றாவது ஒரு பெறுமதி போடவேண்டும். கூரியரில் முன்கூட்டித் தூதரக முகவரிக்கு அனுப்புவதானால் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்காமல் போன பெட்டிக்குத் தீர்வை கட்ட அங்கே காசு ஒதுக்கீடு கிடையாது.

திரும்பி வந்த வாரத்திலேயே சந்தித்த எல்லோருக்கும் எழுதி, பிரதியைத் தூதரகத்துக்கும் போடவேண்டும். இதைச் செய்பவர் பத்தில் இருவர் இருந்தால் அதிசயம்.

முதல் கட்டளை சிறிதாக வந்தால் ஐரோப்பியச் சலுகையில் ஒரு வசதி இருக்கிறது. சரக்கின் பெறுமதி 6,000 யூரோவுக்கு மேற்பட்டால்தான் உற்பத்தி மூலம் பற்றிய கூற்றை எழுத ரெக்ஸ் எனும் ஒன்றியத்தின் ஏற்றுமதியாளர் பதிவு முறையில் பதிந்தவராக இருக்கவேண்டும். அதற்குட்பட்ட சரக்குக்குப் பதிவில்லாமலே இன்வொய்ஸில் அந்தக் கூற்றை எழுதலாம். 500 கிலோ சோதனைக் கட்டளை பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அடங்கும். வளைகுடா நாடுகள் சிலவற்றுக்கு வேறு கதை: இன்வொய்ஸும் மூலச் சான்றிதழும் வர்த்தக சம்மேளனம், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, கொழும்பில் உள்ள அந்த நாட்டுத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கவேண்டும். ஒரு தாளில் "ட்ரின்கோ புட்ஸ்", மறு தாளில் "ட்ரின்கோமலி புட்ஸ்" என்று பெயர் மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். கப்பல் காத்திருக்காது.

அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும் ஆலை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பதிந்திருக்கவேண்டும். இரட்டை ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அதைப் புதுப்பிக்கவேண்டும். ஒருமுறை பதிந்துவிட்டு மறந்தவர்களின் சரக்கு ஜனவரியில் துறைமுகத்தில் நிற்கும். அப்போது வொஷிங்டன் தூதரகத்துக்கு அழைப்பெடுத்து என்ன செய்ய?

அரசு மட்டுமே திறக்கக்கூடிய கதவு

இவ்வளவு சொன்னதும், நல்ல ஆலோசகர் ஒருவரும் இணையமும் இருந்தால் தூதரகம் எதற்கு என்று தோன்றலாம். மீன்காரருக்கு அந்தச் சந்தேகம் வராது. சட்டவிரோத, அறிவிக்கப்படாத மீன்பிடியைக் கட்டுப்படுத்தத் தவறியதாகச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை போட்டது. திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறக்கும் மீன் எவ்வளவு தரமாக இருந்தாலும், ஆலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், எந்தத் தனி நிறுவனத்தாலும் அதை மாற்ற முடியவில்லை. ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, பதிவேடு, தண்டப்பணச் சட்டம் என்று இங்கே நடந்த வேலையும், பிரசெல்ஸில் நடந்த பேச்சுவார்த்தையும் சேர்ந்துதான் 2016 யூனில் தடை நீங்கியது. அந்த மேசையில் நாடுதான் உட்காரமுடியும்.

தனி நிறுவனத்தின் பிழையை இதனோடு குழப்பக்கூடாது. ஐரோப்பிய விதியில் சூரை மீன் குளிரில்லாமல் கிடந்தால் உருவாகும் நச்சான ஹிஸ்டமினின் சோதனைக்கு ஒரு தொகுதியிலிருந்து ஒன்பது மாதிரி எடுப்பார்கள். இரண்டு மட்டும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் 200க்கும் இடையில் இருக்கலாம், ஒன்றாவது 200ஐத் தாண்டினால் தொகுதியே தள்ளுபடி. படகில் மீனைப் பிடித்த உடனே குளிர்விக்காமல் விட்டால் பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும், ஏன், சமைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. அப்படித் தள்ளுபடியான தொகுதிக்காகத் தூதரகம் வாதாடாது, வாதாடவும் கூடாது. ஆனால் ஒரே மாதிரியான சோதனை இலங்கைச் சரக்குக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போடப்படுகிறது என்று ஐந்து ஏற்றுமதியாளர் திகதி, தொகுதி இலக்கம், ஆய்வறிக்கையோடு சேர்ந்து எழுதினால் அது அரச மட்டத்தில் எழுப்பக்கூடிய விடயம். தனித்தனியாக எழுதினால் ஐந்து முறைப்பாடு, அவ்வளவுதான்.

கொழும்புத் தூதரகங்களிடம் என்ன கேட்கலாம்?

தொடக்கத்தில் தேநீரில் நின்ற தூதுவருக்குத் திரும்புவோம். அவரிடம் கேட்கக்கூடியதும் உண்டு. அவருடைய அலுவலகம் தன் நாட்டு நிறுவனங்களுக்கு இங்கே பங்காளி தேடுகிறது. அந்தத் தேடலில் அகப்படுவது உங்கள் வேலை. சிங்கப்பூர் பிரிமா மா ஆலையும் ஜப்பானியக் கூட்டோடு தொடங்கிய டோக்கியோ சீமெந்தும் திருகோணமலைக்கு வந்தது இந்த ஆழத் துறைமுகத்துக்காக. வருகிறவர்களுக்கு இன்றைக்கும் களஞ்சியம், குளிர்ச்சாலை, படகு திருத்தம், உணவு வழங்கல், தங்குமிடம் செய்யும் உள்ளூர் ஆள் வேண்டும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ இந்திய எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து அபிவிருத்தி செய்ய 2022 ஜனவரியில் உடன்பாடு கையெழுத்தானது. அந்த மாதிரி வேலை நகரும் நாளில் பங்காளி தேடும் அதிகாரி கோப்பைத் திறந்தால் அதில் திருகோணமலை நிறுவனம் எத்தனை இருக்கும்?

ஆகவே அட்டையோடு ஒரு பக்கச் சுருக்கமும் கொடுங்கள்: என்ன செய்கிறீர்கள், எத்தனை பேர், என்ன இயந்திரம், எந்தச் சான்றிதழ், எந்த வகைப் பங்காளி தேவை, கடைசிக் கணக்காய்வு எந்த ஆண்டு. ஜெட்ரோ, கொட்ரா, ஜேர்மன் கைத்தொழில் வர்த்தகப் பிரதிநிதித்துவம் ஆகியவற்றின் கொழும்பு அலுவலகங்களுக்கும் அதையே அனுப்பலாம். இயந்திரம் வாங்க நினைப்பவருக்கு அங்கே வரவேற்பு அதிகம், அவர்கள் இருப்பதே அதற்காகத்தான். உலர்த்தி வாங்கப் போன இடத்தில் உலர்த்திய பொருளை யார் வாங்குகிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை. இயந்திரம் விற்பவருக்கு அதை வைத்திருக்கும் ஆலைகள் எல்லாம் தெரியும்.

விற்பனை முடிந்த பின் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஏற்றுமதிப் பணம் மத்திய வங்கி விதிப்படி 180 நாளுக்குள் நாட்டுக்கு வரவேண்டும். இது வங்கிக்கும் உங்களுக்கும் இடையிலானது. தூதரகத்துக்கு எழுதவேண்டியது இரண்டு வரி: எந்த அறிமுகம் வியாபாரமாக முடிந்தது, எது முடியவில்லை, ஏன். அதைத் தூதரகத்தின் பொது மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அதிகாரியின் வட்ஸ்அப்புக்கு மட்டும் போட்டால், அவர் சில ஆண்டில் மாற்றலாகிப் போகும்போது அந்தத் தகவலும் அவருடைய தொலைபேசியோடு போய்விடும். அடுத்து வருகிறவர் திறக்கும் கோப்பில் திருகோணமலை என்ற பெயரே இராது.